காட்டிக்கொடுப்பவன் எந்த நிமிடத்தில் வருகிறான்?

‘ரிஃபிஃபி’ படத்தை நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். 1955ல் வந்த பிரெஞ்சுப் படம். மேல்மாடித் தரையைத் துளைத்து நகைக்கடைக்குள் இறங்கும் அந்தக் கொள்ளை, வசனமும் இசையும் இல்லாமல் அரை மணி நேரத்துக்கு ஓடும் என்பது படம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். என்னைத் தொந்தரவு செய்தது அதற்கு அப்புறம் வருகிற ஒரு சின்னக் காட்சி. கூட்டாளிகளில் ஒருவனான சீசர் எதிர்க் கும்பலிடம் மாட்டிக்கொண்டு நண்பன் பெயரைச் சொல்லிவிடுகிறான். தலைவன் டோனி வந்து பார்க்கும்போது அவன் கட்டிப்போடப்பட்டிருக்கிறான். உன்னை எனக்கு நிஜமாகவே பிடிக்கும், ஆனால் விதி என்னவென்று உனக்கே தெரியும் என்கிற மாதிரி டோனி சொல்கிறான், சுட்டுவிடுகிறான். பக்கத்தில் இருந்த ஒருவர் “வேணும் அவனுக்கு” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த ‘வேணும்’ எதற்காக என்று அப்புறம் யோசித்துக்கொண்டே இருந்தேன். சீசர் செய்தது என்ன? திருடிய மோதிரம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒரு பாடகிக்குக் கொடுத்தான். அது வெளியே தெரிந்தது. உயிருக்குப் பயந்து ஒரு பெயரைச் சொன்னான். அவனைச் சுடுகிறவன் யார்? சிறையிலிருந்து வந்தவுடனே முன்னாள் காதலியைப் பெல்ட்டால் அடிக்கிற ஒரு திருடன். சாதாரண நாளில் இந்த இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பாய் என்று கேட்டால், பயந்து உளறியவன் பக்கம்தான் எல்லோரும் நிற்போம். படத்துக்குள் போனதும் திருடர்களின் சட்டப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாமே தீர்ப்புச் சொல்கிறோம். இது நம் குணக்கேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் குற்றப் படங்களின் கட்டுமானமே இந்தத் தீர்ப்பை நம்மிடமிருந்து வாங்கும்படிதான் அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கட்டுமானத்தின் கீல், ஆள்காட்டி என்கிற அந்த ஒரு பாத்திரம். போட்டுக்கொடுப்பவன், இன்ஃபார்மர், அப்ரூவர், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

நாற்காலி முதலில், ஆள் பிறகு

கொள்ளைப் படங்களின் ஆட்கள் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். திட்டம் போடும் மூளைக்காரர், பூட்டு உடைப்பவன், வண்டி ஓட்டுபவன், முரடன், பணம் போடும் பெரிய மனிதர், நடுவில் தரகன். ஜான் ஹூஸ்டனின் ‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’ (1950) இவர்களை ஒருவர் பின் ஒருவராக அறிமுகம் செய்த வரிசையைத்தான் இன்றைக்கும் கூட்டிக் குறைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். திரட்டுவது, செய்வது, சிதறுவது என்று மூன்று கட்டம். முதல் இரண்டு கட்டத்தையும் திறமை நடத்திக்கொண்டு போகும். மூன்றாவதை நடத்த யாராவது ஒருவனுடைய பலவீனம் வேண்டும்.

வேண்டும் என்றால் கதைக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1934லிருந்து கறாராக அமலான ஹேஸ் தணிக்கை விதிகளின்படி குற்றவாளி தப்பித்துப் போகிற மாதிரி படம் முடியக் கூடாது. 1968ல் அந்த முறை போய் தரச்சான்று முறை வரும் வரைக்கும், எவ்வளவு அழகான கொள்ளையாக இருந்தாலும் கடைசியில் அது கெட்டாக வேண்டும். எப்படிக் கெடுப்பது? போலீஸ் ரொம்பப் புத்திசாலி என்று காட்டினால் அது போலீஸ் படமாகிவிடும். விதி, விபத்து என்று விடலாம். ‘தி கில்லிங்’ (1956) படத்தில் பெட்டி உடைந்து விமான ஓடுதளத்தில் பணம் பறப்பது மாதிரி. ஆனால் அந்தப் படத்தில்கூட அதற்கு முன்னாலேயே ஒருவன் மனைவியிடம் வாய் விட்டிருக்கிறான். சுவரில் விரிசல் உள்ளிருந்து வந்தால்தான் பார்க்கிறவனுக்கு வலிக்கும் என்பது திரைக்கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் ஆள்காட்டியின் இடம், ஆள் யார் என்று முடிவாவதற்கு முன்பே கதையில் ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

இதை மறைக்காமல் அப்படியே கதையாக்கியது ‘தி காட்ஃபாதர்’ (1972). தோட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது மாஃபியா தலைவர் வீட்டோ தன் மகனிடம் சொல்லிவிடுகிறார்: எதிரியோடு சமரசச் சந்திப்பு ஏற்பாடு செய்கிறேன் என்று யார் உன்னிடம் வருகிறானோ, அவன்தான் துரோகி. பெயர் சொல்லவில்லை. ஒரு காலி நாற்காலியைப் போட்டுவிட்டுச் செத்துப்போகிறார். அவருடைய இறுதிச் சடங்கிலேயே பழைய கூட்டாளி டெசியோ வந்து அதில் உட்காருகிறார். அந்த நிமிடம் வரைக்கும் டெசியோவை நாம் துரோகியாக நினைத்ததில்லை. நினைக்க வைக்கும்படி படமும் எதையும் காட்டவில்லை. ஏன் செய்தார் என்பதற்கும் வியாபாரம் என்று ஒரு வரிதான் பதில். குணச்சித்திரம் என்ற வகையில் பார்த்தால் இது பற்றாக்குறை. கட்டுமானம் என்ற வகையில் பார்த்தால் இதைவிடக் கச்சிதமாகச் செய்ய முடியாது. கதைக்கு டெசியோ முக்கியமில்லை, அந்த இடம்தான் முக்கியம் என்பதைப் படம் வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறது.

1951

இவ்வளவு தூரம் இது திரைக்கதை இலக்கண விஷயம். எனக்கு விஷயம் வேறு மாதிரியாக மாறியது, இந்தப் படங்களில் நடித்தவர்கள், எடுத்தவர்கள் பற்றிப் படித்தபோதுதான்.

‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’ படத்தின் தரகன் பெயர் காபி. அவனிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்த போலீஸ்காரனே, தன் தலை தப்ப வேண்டும் என்பதற்காக அவனை அறைந்து அறைந்து உண்மையைக் கறக்கிறான். காபி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் மார்க் லாரன்ஸ். அடுத்த வருடமே, 1951ல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் அவர் உட்கார்த்தி வைக்கப்பட்டார். பெயர்களைச் சொன்னார். அதே படத்தில் கடைசி வரை வாய் திறக்காமல் ரத்தம் சிந்திச் சாகிற முரடனாக நடித்த ஸ்டெர்லிங் ஹேடனும் அதே 1951ல் அதே குழுவின் முன்னால் பெயர்களைச் சொன்னார். பிற்பாடு தன் சுயசரிதையில் அதற்காகத் தன்னையே கடுமையாகத் திட்டிக்கொண்டார். மூளைக்காரராக நடித்த சாம் ஜாஃப், வேலை கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் போனார். திரையில் ஹேடன் விசுவாசி, லாரன்ஸ் கோழை. குழுவின் மேஜைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே ஆள். பாத்திரத்துக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் ‘இயல்பு’ என்பது எவ்வளவு மெல்லிய காகிதம் என்று இதைவிட நன்றாக யாராலும் எழுதிக்காட்ட முடியாது.

இப்போது மறுபடி ‘ரிஃபிஃபி’. அதை எடுத்தவர் ஜூல்ஸ் டாஸின். பிரெஞ்சுக்காரர் என்று பலரும் நினைக்கிறார்கள், அமெரிக்கர். 1951ல் அந்தக் குழுவிடம் எட்வர்ட் டிமிட்ரிக், ஃபிராங்க் டட்டில் என்ற இரண்டு இயக்குநர்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். ஹாலிவுட்டில் வேலை போயிற்று. ஐரோப்பாவுக்குப் போனார், அங்கும் அமெரிக்க நெருக்கடியால் படம் கை கூடவில்லை. 1950க்குப் பிறகு ஐந்து வருடம் கழித்துத்தான் ‘ரிஃபிஃபி’. அதற்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தது. அந்தப் படத்தில் சீசராக நடித்தது வேறு யாருமில்லை, டாஸினே. பெர்லோ விட்டா என்று வேறு பெயர் போட்டுக்கொண்டு நடித்தார். அதாவது காட்டிக்கொடுக்கப்பட்டு நாடு விட்டுப் போன ஒருவர், காட்டிக்கொடுப்பவன் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு, தன்னையே கட்டிவைத்துச் சுட வைத்திருக்கிறார். அந்தக் காட்சியின்போது, அந்தக் காலத்தில் நண்பர்களைக் காட்டிக்கொடுத்த நண்பர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் இருந்து என்னால் எளிதாக வெளியே வர முடியவில்லை. பழிவாங்கல் என்று மட்டும் சொன்னால் போதாது. பழிவாங்க நினைப்பவன் சுடுகிறவனாக நடிப்பான். இவர் சுடப்படுகிறவனின் முகத்தை எடுத்துக்கொண்டார். வேறு நடிகர் கிடைக்காததால்தான் அவர் நடிக்க வேண்டி வந்தது என்பதும் உண்மை. கலையில் பாதி விஷயம் இப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் சீசர் கெஞ்சுவதில்லை என்பது தற்செயல் இல்லை. தண்டனையை ஒத்துக்கொள்கிற ஆள்காட்டியை டாஸின் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். நிஜத்தில் அவருக்கு அப்படி ஒருவர் கிடைத்திருக்க மாட்டார். கட்டுமானத்திலும் ஒரு காரியம் செய்திருக்கிறார். சீசர் சொன்ன பெயரால் மாட்டிக்கொள்கிற மரியோவும் அவன் மனைவியும் டோனியைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சாகிறார்கள். அது முதலில் வருகிறது. சீசருக்குத் தண்டனை அப்புறம். வரிசை மாறி, சீசர் முதலில் செத்து, மரியோ விஷயம் பிறகு வந்திருந்தால், டோனி அவசரப்பட்டுவிட்டான் என்று நினைத்திருப்போம். இரண்டு காட்சிகளின் வரிசைதான் ‘வேணும் அவனுக்கு’ என்று சொல்ல வைக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இலியா கசான். 1952ல் அதே குழுவின் முன்னால் தன் பழைய நாடகக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேரின் பெயரைச் சொன்னவர். இரண்டு வருடம் கழித்து அவர் எடுத்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் துறைமுக மாஃபியாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் டெர்ரிதான் நாயகன். கதை எழுதிய பட் ஷூல்பெர்க்கும் குழு முன்னால் பெயர் சொன்னவர்தான். படத்துக்கு எட்டு ஆஸ்கர். நான் செய்தது எனக்குச் சந்தோஷமே என்று டெர்ரியாக நடித்த மார்லன் பிராண்டோ கத்துகிற இடத்தில் கத்துவது நான்தான் என்று கசானே பிற்பாடு எழுதினார். இதைப் பற்றி வாதம் செய்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. படம் தொடங்குவதே டெர்ரியின் துரோகத்தோடுதான். சாட்சி சொல்லத் தயாராக இருந்த ஜோயியைப் புறா என்று சொல்லி மாடிக்கு வரவழைப்பவன் அவன். ஜோயியை அங்கிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். ஆக ஒரே ஆள் இரண்டு முறை காட்டிக்கொடுக்கிறான். முதல் முறை கும்பலுக்கு, தெரியாமல். இரண்டாவது முறை சட்டத்துக்கு, தெரிந்தே. முதல் துரோகம் படத்தின் தொடக்கத்தில் இருப்பதால் இரண்டாவது துரோகம் பிராயச்சித்தம் ஆகிறது. அபாரமான திரைக்கதை. கூடவே ரொம்ப வசதியான திரைக்கதையும்கூட. எதிரில் நிற்பவன் கொலைகாரனாக இருந்தால் யார்தான் பெயர் சொல்லத் தயங்குவார்கள்? கசான் பெயர் சொன்ன எட்டுப் பேரும் யாரையும் மாடியிலிருந்து தள்ளியவர்கள் இல்லை.

இரண்டு பேருமே தராசைத் தங்கள் பக்கம் சாய்த்துத்தான் வைத்தார்கள். ஒரு வருட இடைவெளியில், ஒரே பாத்திரத்தை வைத்து, ஒருவர் தியாகியும் இன்னொருவர் குற்றவாளியும் செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டையும் நம்புகிறோம் என்பதுதான் வேடிக்கை. 1999ல் கசானுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கத்தில் சிலர் எழுந்து கைதட்டினார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும் அந்த வழக்கு முடியவில்லை.

கசானின் படம் வந்த அதே 1954ல் தமிழில் வந்த ‘அந்த நாள்’ படத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். எஸ். பாலசந்தர் எடுத்தது, பாட்டே கிடையாது. முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசன் குண்டடி பட்டு விழுகிறார். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரின் வாக்கிலும் கதை நகர்கிறது. செத்தவன் எதிரி நாட்டுக்கு ரகசியம் கொடுத்தவன் என்பது பின்னால்தான் வருகிறது. யார் கொன்றது என்று தேடிக்கொண்டிருந்த நமக்கு, கொல்லப்பட்டவனே துரோகி என்பது விடையாகக் கிடைக்கிறது. துரோகத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் அவனுக்காக ஒரு நிமிடம்கூடப் பரிதாபப்பட்டிருக்க மாட்டோம்.

வாயை மூடாதவன்

‘குட்ஃபெல்லாஸ்’ (1990) எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம் என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். மாஃபியா கும்பலில் ஒருவனான ஹென்றி ஹில்லின் குரல் நம்மை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. பின் வாசல் வழியாக, சமையலறை வழியாக, சிறைக்குள் பூண்டு சீவுகிற இடம் வரைக்கும். சின்ன வயதில் முதல் முறை பிடிபட்டு வெளியே வரும்போது கும்பலில் மூத்தவனான ஜிம்மி அவனைத் தட்டிக்கொடுத்து இரண்டு பாடம் சொல்கிறான்: நண்பர்களைக் காட்டிக்கொடுக்காதே, எப்போதும் வாயை மூடிக்கொண்டிரு. கடைசியில் ஹென்றி நீதிமன்றத்தில் உட்கார்ந்து அதே ஜிம்மியைக் கை நீட்டிக் காட்டுகிறான். அப்புறம் சாட்சிக் கூண்டிலிருந்து எழுந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறான்.

முன்பெல்லாம் அதை ஒரு ஸ்டைல் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். டாஸினும் கசானும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடி பார்த்தபோது சட்டென்று வேறு மாதிரி உறைத்தது. ஹென்றி எழுந்து நம்மிடம் பேசும்போது குரல் மாறவில்லை. படம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல், அதே தொனி. அப்படியென்றால் இரண்டரை மணி நேரமாக நாம் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? வாக்குமூலம். வாயை மூடிக்கொண்டிரு என்று பாடம் கேட்ட பையன் முதல் நிமிடத்திலிருந்து வாயை மூடவே இல்லை. யார் யாரைக் கொன்றார்கள், எங்கே புதைத்தார்கள், யார் எவ்வளவு பங்கு வாங்கினார்கள், எல்லாவற்றையும் பெயரோடு சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். நாம் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறோம். போலீஸ்காரன் உட்காரும் நாற்காலியில்தான் நாம் உட்கார்ந்திருந்தோம், அந்த வாழ்க்கையை ரசித்துக்கொண்டு.

குற்றப் படம் பார்ப்பதன் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே நடப்பதை யாராவது வந்து சொன்னால்தான் நமக்குப் படமே உண்டு. நமக்குச் சொன்னால் அவன் கதைசொல்லி. போலீசுக்குச் சொன்னால் எட்டப்பன். சொல்லும் விஷயம் ஒன்றுதான். கேட்கும் காதுதான் வேறு. படத்தை எடுத்த ஸ்கார்செஸி அந்த இரண்டு காதையும் ஒன்றாக்கிவிட்டார். ஆள்காட்டியைக் கதையின் கடைசிக் கட்டத்தில் வரும் விரிசலாக வைக்காமல், முழுக் கதையையும் அவன் வாயில் வைத்துவிட்டார். அதனால்தான் ஹென்றியை நம்மால் வெறுக்க முடியவில்லை. அவன் செய்ததற்காக வருத்தப்படவே இல்லை. பழைய சொகுசு போயிற்றே, நல்ல சாப்பாடு கிடைக்கவில்லையே என்பதுதான் அவன் புலம்பல். இருந்தும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீருடை போட்ட ஆள்காட்டி

தொண்ணூறுகளுக்குப் பிறகு இந்தப் பாத்திரத்துக்கு ஒரு சுலபமான மாற்று கிடைத்தது: வேஷம் போட்டு உள்ளே போன போலீஸ்காரன். ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002) இதை இரண்டு பக்கமும் திருப்பி, கும்பலில் ஒரு போலீஸ், போலீசில் ஒரு கும்பல் ஆள் என்று கண்ணாடி மாதிரி எதிரெதிரே நிறுத்தியது. நல்ல படம். ஆனால் அதற்கு அப்புறம் வந்த எத்தனையோ படங்களில் ‘அவன் ஆரம்பத்திலிருந்தே போலீஸ்தான்’ என்ற திருப்பத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. திருப்பம் பழசானதுகூடப் பெரிய குறை இல்லை. ஆள்காட்டியிடம் இருந்த சங்கடத்தையே அது துடைத்துவிடுகிறது. உள்ளே இருந்தவன் முதலிலிருந்தே நம் ஆள் என்றால் அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, கடமையைச் செய்தான். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதற்கு நேர் எதிரானது 1973ல் வந்த ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி காய்ல்’. ராபர்ட் மிச்சம் அதில் சில்லறை வேலை பார்க்கும் வயதான துப்பாக்கித் தரகர். சிறைக்குப் போகாமல் தப்பிக்க ஒருவனைப் போலீசுக்குக் கொடுக்கிறார். போதாது, இன்னும் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கும்பலைக் கொடுக்கப் போகும்போது வேறு யாரோ முந்திக்கொண்டு கொடுத்துவிட்டிருக்கிறார்கள். செய்யாத அந்தத் துரோகத்துக்காக எடி கொல்லப்படுகிறார். கொல்லும் வேலையை வாங்கிக்கொள்கிறவன், உண்மையில் அந்தத் துரோகத்தைச் செய்த டில்லன். அவன் எடியை ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குக் கூட்டிப்போய், குடிக்க வாங்கிக்கொடுத்து, திரும்பும் வழியில் முடித்துவிடுகிறான். இதில் விதி, விசுவாசம் என்று பேசுவதற்கு யாருக்கும் வாய் இல்லை. படம் பெரிதாக ஓடவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. தீர்ப்புச் சொல்லும் சுகத்தை அது பார்ப்பவனுக்குக் கொடுக்கவே இல்லை.

வேஷம் போட்ட போலீஸ் கதைகளில் எனக்கு இன்னும் சலிக்காதது ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ (1992). கொள்ளையைக் காட்டவே காட்டாமல், கொள்ளை கெட்டுப்போன பிறகு யார் ஆள்காட்டி என்ற கேள்வியை மட்டும் ஒரு கிடங்குக்குள் அடைத்துவைத்த படம். ஆள்காட்டி மிஸ்டர் ஆரஞ்ச், வயிற்றில் குண்டோடு தரையில் கிடக்கிறான். அவன் போலீஸ் என்பது நமக்குப் பாதிப் படத்துக்கு மேல் போனதும் தெரிந்துவிடுகிறது. கொள்ளைக் கூட்டாளியான மிஸ்டர் ஒயிட் அவனை நம்பி, அவனுக்காகத் தன் முதலாளியையே சுட்டு, தானும் குண்டு வாங்கிக்கொண்டு அவனைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறான். போலீஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஆரஞ்ச் பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, கடமை முடித்த அதிகாரியாக வெளியே போயிருக்கவும் கூடும். ஆனால் அவன் தான் யார் என்று ஒயிட்டிடம் சொல்கிறான். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் கதைக்கு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. சீருடை கொடுக்கும் மன்னிப்பு அவனுக்குப் போதவில்லை, ஏமாற்றப்பட்டவனிடம்தான் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரியை வெட்டிவிட்டிருந்தாலும் படம் இதே மாதிரி துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்திருக்கும், நானும் ஒரு முறை பார்த்துவிட்டு மறந்திருப்பேன்.